வாசகர் கேள்வி – பதில்: காரில் ஏற்றும் விறகு

சோளகம் ஓய்ந்து மாரி தொடங்குவதற்கு முன்னர் விறகு சேர்த்து வைப்பது வன்னிக் குடும்பங்களின் பழைய வழக்கம். முன்பு மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் வந்த விறகு இப்போது பல வீடுகளுக்குக் காரில் வருகிறது. 2022ஆம் ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டின் போது மீண்டும் அடுப்புக் கட்டியவர்களில் பலர் அதைக் கைவிடவில்லை. இம்முறை வந்த கடிதங்களில் ஒரே விடயத்தைக் கேட்டவற்றைத் தெரிந்தெடுத்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்களிடம் இருப்பது 800 சீசி சிறிய கார். ஒட்டுசுட்டானில் தமையனாரின் காணியில் பெரிய பாலை மரம் ஒன்று காற்றில் சரிந்து கிடக்கிறது. அம்மாவின் ஆட்டத்திவசத்துக்குச் சமைப்பதற்கு அந்த விறகைக் கிளிநொச்சிக்குக் கொண்டு வர விரும்புகிறோம். பின் இருக்கையை மடித்தால் நிறைய இடம் இருக்கிறது. ஒரே தடவையில் கொண்டு வரலாமா?
— வாசகி ஒருவர், கிளிநொச்சி

பதில்: இடம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பாலை விறகைப் பொறுத்தவரை, காரில் இடம் நிரம்புவதற்கு நெடுநேரம் முன்னரே எடை நிரம்பிவிடுகிறது. எங்களுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றின் பிரச்சினை இந்த ஓர் இடத்திலிருந்துதான் தொடங்குகிறது என்பதால் கணக்கைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பாலை எங்கள் காடுகளின் மிகக் கனமான மரங்களுள் ஒன்று. காய்ந்த பின்னரும் ஒரு கன மீற்றர் பாலை ஏறத்தாழ 1,000 கிலோகிராம், சில வேளைகளில் அதற்கும் மேல் நிறுக்கும். வைரம் பாய்ந்த பாலைக் கட்டையைக் குளத்தில் போட்டால் அது தாழ்ந்துவிடுவது இதனால்தான். ஓரடி தடிப்பும் இரண்டடி நீளமும் கொண்ட ஒரு பாலைக் குற்றி 45 கிலோவுக்குக் குறையாது. பச்சையாக இருந்தால் அதற்கு மேல். அதாவது, 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றின் எடைக்குக் கிட்ட வருகிறது. உங்கள் காரில் பத்துச் சீமெந்துப் பைகளை ஏற்ற எவரும் துணியமாட்டார்கள். அதே எடை மரக்குற்றிகளாக வரும்போது மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

இனி காரின் பக்கத்தைப் பாருங்கள். உங்களுடையதைப் போன்ற சிறிய கார் வெறுமையாக ஏறத்தாழ 700 கிலோ நிறுக்கும். அது தாங்கக்கூடிய சுமை, சாரதியையும் உள்ளடக்கி, பெரும்பாலும் 400 முதல் 450 கிலோ வரைதான். சரியான எண்ணை அறிவதற்கு வாகனப் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். மொத்த எடை, வெற்று எடை என்ற இரண்டும் அதில் குறிக்கப்பட்டிருந்தால், முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து வருவதே உங்கள் எல்லை. அதிலிருந்து நீங்களும் உதவிக்கு வருபவரும் ஏறும் எடையாக 140 கிலோவைக் கழித்தால் விறகுக்கு மிஞ்சுவது 260 முதல் 310 கிலோ வரையே. பின் இருக்கையை மடித்து யன்னல் விளிம்பு வரை அடுக்கினால் 0.7 கன மீற்றர் அளவில் இடம் கிடைக்கும். அடுக்கிய விறகில் மூன்றில் இரண்டு பங்குதான் மரம், மிகுதி இடைவெளி என்று எடுத்துக்கொண்டாலும், அந்த அடுக்கு 450 கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே பாலையைப் பொறுத்தவரை, பாதிக்குச் சற்று மேல் நிரம்பியவுடன் உங்கள் கார் நிறைந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். வீட்டில் நெல் நிறுக்கும் தராசு இருந்தால் அதையும் கொண்டு போய், கட்டுக் கட்டாக நிறுத்து ஏற்றுங்கள். கண்ணளவு விறகில் எப்போதும் குறைத்தே காட்டும்.

வேறொன்றையும் கவனியுங்கள். நன்றாகக் காய்ந்த விறகு எந்த மரத்தினதாக இருந்தாலும், ஒரு கிலோ தரும் வெப்பத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பாலை நின்று எரிகிறது, நல்ல தணல் தருகிறது, அடுக்கி வைக்கக் குறைந்த இடம் எடுக்கிறது. ஆனால் எடைதான் உங்கள் எல்லை என்றால், காய்ந்த வேம்பு 250 கிலோவும் காய்ந்த பாலை 250 கிலோவும் கிடாரத்தின் கீழ் ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் செய்யும். உண்மையான வேறுபாடு பச்சைக்கும் காய்ந்ததற்கும் இடையில் இருக்கிறது. பச்சை மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீர். அதைக் காரில் ஏற்றுகிறவர் ரயரையும் பெற்றோலையும் செலவழித்து ஒட்டுசுட்டானிலிருந்து தண்ணீர் காவி வருகிறார். பிறகு அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதற்கு அடுப்பிலும் விறகைச் செலவழிக்கிறார்.

எனவே எங்கள் ஆலோசனை இது. திவசத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தால் மரத்தைக் கிடக்கும் இடத்திலேயே துண்டுபோட்டு, பச்சையாக இருக்கும்போதே கொத்திவிடுங்கள். பாலை காய்ந்து இறுகிய பின்னர் கோடரிக்கும் ஆப்புக்கும் எளிதில் இடம் கொடாது. கொத்திய விறகை நிலத்தில் படாமல் இரண்டு குற்றிகளின் மேல் காற்றோட்டமாக அடுக்கி, மேற்பகுதியை மாத்திரம் தகரத்தால் மூடிவிட்டால் சோளகக் காற்று மிகுதியைப் பார்த்துக்கொள்ளும். காய்ந்த விறகை இரண்டு மூன்று தடவைகளில், மாங்குளம் போய் வரும் வேறு அலுவல்களோடு சேர்த்து ஏற்றி வரலாம். நாள் நெருங்கிவிட்டதென்றால் கார் வேண்டாம். ஊரில் லான்ட்மாஸ்டரோ உழவு இயந்திரமோ வைத்திருப்பவரைப் பிடித்து ஒரே பெட்டியாக இறக்கிவிடுங்கள். கொடுக்கும் கூலி, காரின் பின் ஷொக் அப்சோபர் இரண்டை மாற்றும் செலவுக்கு முன்னால் பெரிதாகத் தெரியாது.

கேள்வி: விறகு ஏற்றும்போது பின்பக்கம் மிகவும் தாழ்கிறது. ஸ்பிரிங்குகளுக்கு இடையில் றப்பர் வைத்தால் சரியாகிவிடும் என்று கராஜில் சொல்கிறார்கள். ரயருக்குக் கூடுதலாகக் காற்று அடித்தால் போதுமா?
— வாடகைக் கார் ஓட்டும் வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: றப்பர் வைத்தால் பின்பக்கம் தாழ்வது குறையும். கார் தாங்கும் எடை கூடாது. பிறேக், சில்லுத் தாங்கிகள், பின் அச்சு, அது பொருத்தப்பட்டுள்ள உடற்பகுதி ஆகிய எல்லாம் பழைய அளவிலேயே இருக்கின்றன. தாழ்வு என்ற எச்சரிக்கை மட்டும் மறைந்துவிடுகிறது. ஆகவே அதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம்.

அளவுக்கு மீறி ஏற்றிய கார் ஒன்றின் பின் சில்லைக் கழற்றிவிட்டு, மட்காட்டின் உட்புறத்தைக் கையடக்க விளக்கால் பார்த்தால் நடந்ததெல்லாம் தெரியும். ரயர் மேலெழுந்து உரசிய இடத்தில் பெயின்ற் போய், தகடு வளைவாக மினுங்கிக்கொண்டிருக்கும். அதே உயரத்தில் ரயரின் தோளில் றப்பர் வழித்தெடுத்தது போல இருக்கும். ஷொக் அப்சோபரின் உடலில் எண்ணெய் கசிந்து, அதில் வன்னியின் செம்மண் தூசு படிந்து, விரலால் தொட்டால் களி போல ஒட்டும். இந்த மூன்றில் ஒன்றையாவது கண்டால் விறகு ஏற்றுவதை அன்றே நிறுத்துங்கள்.

காற்றைப் பற்றிய உங்கள் கேள்வி முக்கியமானது. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறிய விபரத் தாள் ஒட்டப்பட்டிருக்கும். யப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த கார்களில் எழுத்து யப்பானிய மொழியில் இருந்தாலும் எண்களை வாசிக்கலாம். அவை கிலோ பஸ்காலில் இருக்கும்: 220 என்றால் நாங்கள் சொல்லும் 32 இறாத்தல், 240 என்றால் ஏறத்தாழ 35 இறாத்தல். முழுச் சுமை ஏற்றும்போது பின்பக்க ரயர்களுக்கு வேறோர் அளவு தரப்பட்டிருந்தால் அதையே அடியுங்கள். ரயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அளப்பதுதான் சரி. குறைந்த காற்றோடு பாரம் ஏற்றி, சித்திரை வெயிலில் ஏ-9 வீதியில் வேகமாகப் போனால், ரயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கிறது. மறுபுறம், சொல்லப்பட்டதற்கு மேல் அடித்துவிட்டால் பாரம் கூட ஏற்றலாம் என்று நினைப்பதும் தவறு.

ரயரின் பக்கத்தில் அதன் அளவுக்கு அடுத்து ஓர் இரட்டை இலக்க எண் இருக்கும். 74 என்றால் அந்த ரயர் தாங்கக்கூடிய உச்ச எடை 375 கிலோ; 82 என்றால் 475 கிலோ. அதை நான்கால் பெருக்கிக் காரின் கொள்ளளவு என்று சிலர் கணக்கிடுகிறார்கள். அந்தத் தொகைக்குள் காரின் சொந்த எடையும் அடங்குகிறது. விறகைப் பின்னால் குவித்தால் பாரம் நான்கு ரயர்களுக்கும் சமமாகப் பிரிவதுமில்லை.

அது எப்படிப் பிரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் 2.4 மீற்றர் தூரமுள்ள காரில், பின் அச்சுக்கு அரை மீற்றர் பின்னால் 150 கிலோ விறகை வைத்தால், பின் சில்லுகளின் மேல் ஏறும் பாரம் 150 அல்ல, 181 கிலோ. மேலதிகமான அந்த 31 கிலோவும் முன் சில்லுகளிலிருந்து கழிகிறது. இன்று ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றை இழுப்பதும் திருப்புவதும் முன் சில்லுகளே. பிறேக் பிடிப்பதில் பெரும்பங்கும் அவற்றினுடையதே. அவை இலேசானால் கிறவல் வீதியில் ஸ்ரியறிங் நீங்கள் திருப்பிய பக்கம் உடனே கேட்காது. எனவே கனமான குற்றிகள் பின் அச்சுக்கு முன்னால், மடித்த இருக்கையின் மேல், முன் இருக்கைகளின் முதுகோடு ஒட்டி, நிலத்தோடு தாழ்வாகக் கிடக்க வேண்டும். டிக்கியின் வாய்ப்பக்கத்துக்குச் சுள்ளியும் சிராயும் போதும்.

பின்பக்கம் தாழ்ந்தால் முன்விளக்கு மேலே பார்க்கும் என்பதையும் மறக்க வேண்டாம். யப்பானியக் கார்கள் பலவற்றில் விளக்கைத் தாழ்த்துவதற்கு ஸ்ரியறிங்கின் அருகில் ஒரு சிறிய குமிழ் இருக்கிறது. இரவில் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்வது ஒருபுறமிருக்க, உங்கள் ஒளி வீதியில் படாமல் மரக்கொப்பில் பட்டால், படுத்திருக்கும் கட்டாக்காலி மாடு கடைசி நேரத்தில்தான் கண்ணில் படும். பாரம் ஏற்றிய கார் நிற்பதற்கு வழமையை விடக் கூடுதல் தூரமும் நேரமும் வேண்டும். விறகுப் பயணத்தைப் பகலில் முடித்துவிடுங்கள்.

நீங்கள் வாடகைக்கு ஓட்டுபவர் என்பதால் இன்னொன்று: பதிவில் உள்ள எடையை மீறிய நிலையில் விபத்து நேர்ந்தால், காப்புறுதி இழப்பீடு பற்றிக் கேள்வி எழ இடமுண்டு. கூலி எவ்வளவாக இருந்தாலும் அந்த ஆபத்துக்கு அது ஈடாகாது.

கேள்வி: விறகைக் கயிற்றால் கட்ட வேண்டுமா? காருக்குள் தானே இருக்கிறது, எங்கே விழப்போகிறது?
— வாசகர், முழங்காவில்

பதில்: வெளியே விழாது, முன்னே வரும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், கட்டப்படாத குற்றி அதே 50 கிலோமீற்றர் வேகத்தில் முன்னிருக்கையை நோக்கிப் போகும். ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து அந்தக் குற்றியை ஒருவரின் முதுகில் போட்டால் எவ்வளவு விசையோடு விழுமோ அதே விசை அதற்கு இருக்கும். குற்றிகளைக் குறுக்குவாட்டில், இருக்கையின் முதுகுக்கு மேலே உயராமல் அடுக்கி, சாக்கால் மூடி, டிக்கிக்குள் இருக்கும் இரும்பு வளையங்களில் நைலோன் கயிற்றை ஊடுசாய்வாக இழுத்துக் கட்டுங்கள். வளையம் இல்லாத காரில் இருக்கையின் அடிச்சட்டத்தில் கட்டலாம். கதவின் கைபிடியில் கட்டுவது பயன்படாது. விறகு ஏற்றிய காரில் பின்னால் பிள்ளைகளை இருத்திக் கொண்டு போவதை, அரை இருக்கை மிச்சமாக இருந்தாலும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

கேள்வி: என்னுடையது ஹைபிரிட் கார். அயலவர்களுக்கும் சேர்த்துச் சில மாதங்களாக விறகு ஏற்றினேன். இப்போது பின் இருக்கைப் பக்கமிருந்து காற்றாடியின் இரைச்சல் கேட்கிறது. இடைக்கிடை எச்சரிக்கை விளக்கும் எரிகிறது.
— இளம் வாசகர், மல்லாவி

பதில்: உங்கள் காரின் பெரிய பற்றரி காருக்குள்ளிருக்கும் காற்றை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அக்குவா, பிரியஸ் போன்ற வகைகளில் அந்தக் காற்று நுழையும் வலைத்துளை பின் இருக்கையின் அருகில், அடிப்புறத்திலோ பக்கவாட்டிலோ இருக்கிறது. மரப்பட்டையின் தூளும் கறையான் மண்ணும் அதற்குள் போய், உள்ளே இருக்கும் காற்றாடியின் இதழ்களில் படிந்துவிடும். இருக்கையை மடித்து, மேலே சாக்கு விரித்து, துளையையே மூடிவிடுபவர்களும் உண்டு. காற்றுப் போகாவிட்டால் பற்றரி சூடேறும். காற்றாடி வேகமாகச் சுழன்று இரைவது அதனால்தான்.

வெளி வலையை நீங்களே கழற்றித் தூசியை உறிஞ்சி எடுக்கலாம். அதற்கு அப்பால் கை வைக்க வேண்டாம். அந்தப் பற்றரியின் மின்னழுத்தம் உயிரைப் பறிக்கக்கூடியது. ஹைபிரிட் வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு காற்றாடியைத் துப்புரவாக்கி, எச்சரிக்கைக் குறியீட்டையும் வாசித்துப் பாருங்கள். விளக்கை அழித்துவிட்டு ஓடுவது தீர்வாகாது. இனி இந்தக் காரில் விறகு ஏற்றுவதை விட்டுவிடுவதே நல்லது; ஏற்றத்தான் வேண்டுமென்றால் உர பைகளில் போட்டு வாயைக் கட்டி, துளையைச் சுற்றி ஓரடியாவது வெறுமையாக விடுங்கள்.

கேள்வி: நீளமான தடிகளை டிக்கிக் கதவைத் திறந்தபடி வைத்தோ, கூரையில் கட்டியோ கொண்டு வரலாமா?
— வாசகர், விசுவமடு

பதில்: கதவைத் திறந்தபடி ஓடினால் புகைக்குழாயின் புகை சுழன்று காருக்குள் வரும். அதில் உள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் நிறமும் இல்லை. தலையிடியும் தூக்கமயக்கமும் வந்த பிறகுதான் தெரியும். அத்தோடு பின்விளக்கும் இலக்கத் தகடும் மறைந்துவிடும். கூரையில் ஏற்றுவதென்றால், சிறிய கார்களுக்குத் தயாரிப்பாளர் அனுமதிக்கும் எடை பெரும்பாலும் 50 கிலோ அளவில்தான், அதற்குள் கூரையில் பொருத்தும் தாங்கிச் சட்டத்தின் எடையும் சேர்ந்தது. பாலைத் தடி ஒன்றோடு அது முடிந்துவிடும். தடியை நின்ற இடத்திலேயே இரண்டடித் துண்டாக அரிந்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. பனம் மட்டை, கங்குமட்டை, கொக்கரை, பன்னாடை போன்ற இலேசான எரிபொருட்களைக் காரில் நிறையவே அடுக்கலாம். அவற்றில் இடம்தான் முதலில் முடியும்.

கேள்வி: சொந்தக் காணி விறகுக்கும் அனுமதி வேண்டுமா? காட்டோரத்தில் விழுந்து கிடப்பதை எடுத்தால் என்ன?
— வாசகி, செட்டிகுளம்

பதில்: அரச காட்டிலிருந்து அனுமதியின்றி மரம் எடுப்பது, அது பட்டு விழுந்ததாக இருந்தாலும், உங்களைச் சட்டச் சிக்கலில் மாட்டக்கூடும், வாகனமும் பிடிபடலாம். சொந்தக் காணியில் நின்றாலும் பலா, பனை போன்றவற்றைத் தறிப்பதற்கு அனுமதி பெற வேண்டும். முதிரை, கருங்காலி ஆகியவற்றின் துண்டு ஒன்று விறகுக்குள் கிடந்தாலும் வீதிச் சோதனையில் விளக்கம் சொல்வது கடினம். ஏற்றுவதற்கு முன்னர் கிராம அலுவலரிடம் காணியின் விபரத்தை உறுதிப்படுத்திக்கொண்டு, அருகிலுள்ள வனத் திணைக்கள அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

காட்டோரம் என்று நீங்கள் எழுதியிருப்பதால், சட்டத்தை விடப் பெரிய ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. போர் 2009 மே மாதம் முடிந்தது. மிதிவெடி அகற்றும் பணி இன்னும் சில இடங்களில் முடியவில்லை. சிவப்பு எச்சரிக்கைப் பலகை நிற்கும் எல்லைக்கு அப்பால் எவ்வளவு நல்ல விறகு கிடந்தாலும் கால் வைக்க வேண்டாம். துருப்பிடித்த எதையாவது கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். பழைய போர்க்களங்களில் நின்ற மரங்களின் உள்ளே குண்டுச் சிதறல்கள் புதைந்திருப்பதுண்டு. பட்டையில் தழும்பு கட்டிய மரத்தில் இயந்திர வாளை ஓட்டுவதற்கு முன் நன்றாகப் பாருங்கள்.

நெடுநாள் கிடந்த விறகுக் குவியலில் புடையனும் சுருட்டை விரியனும் மட்டத்தேளும் ஒதுங்கியிருக்கும். தடியால் தட்டி, ஒவ்வொரு துண்டாகப் புரட்டி, வெளிச்சத்தில் பார்த்த பின்னரே காருக்குள் வையுங்கள். வீட்டில் இறக்கும்போதும் இருட்டில் கையை விட வேண்டாம். இறக்கி முடிந்ததும் டிக்கி விரிப்பைத் தூக்கி உதறி, மேலதிகச் சில்லு வைக்கும் குழியையும் கூட்டித் துடைத்துவிடுங்கள். கறையான் பிடித்த பட்டையின் ஈரமண் அங்கே தங்கினால் அடுத்த மாரிக்குள் தகடு துருவேறத் தொடங்கிவிடும்.